உதயேந்திரம்: செப்பேட்டில் எழுதிய தண்ணீர் என்ன ஆச்சு?

ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் பிரியாணியும் ஷூவும்தான் ஞாபகம் வரும். ஆனால் வாணியம்பாடி பக்கத்தில் இருக்கும் உதயேந்திரம் என்ற சின்னப் பேரூராட்சியின் பெயர், பல்லவர் வரலாறு படித்தவர்களுக்கு நல்லாவே தெரியும். காரணம், அங்கே கிடைத்த செப்பேடுகள்.

பெயர் எப்படி வந்தது?

8-ம் நூற்றாண்டு. பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் நந்திபுரத்தில் எதிரிகளின் முற்றுகையில் மாட்டிக்கொள்கிறான். அவனை மீட்டவர் தளபதி உதயச்சந்திரன். பிறகு அவர் கேட்டுக்கொண்டபடி, குமாரமங்கல வெள்ளட்டூர் என்ற ஊரை 108 பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்து, 'உதயச்சந்திரமங்கலம்' என்று பெயர் மாற்றினான் மன்னன். சமஸ்கிருதத்தில் சந்திரனுக்கு 'இந்து' என்றும் பெயர். உதயேந்துமங்கலம் என்றாகி, அதுவே உதயேந்திரம் ஆனது. (அதுவரை அங்கே உழுதவர்களின் பெயர்? தளபதிக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.)

பின்னாளில், சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், பக்கத்து ஊரான காஞ்சிவாயிலும் இதுவும் ஒரே ஊராக இணைய ஒப்புக்கொண்டன. அதையும் அதே செப்பேட்டில் தமிழில் எழுதி வைத்தார்கள்.

இதில் தண்ணீர் எங்கே வருகிறது?

நிலத்தோடு சேர்த்து, பக்கத்து ஊரில் இருந்த 2 'ஜலயந்திரங்களையும்' மன்னன் கொடுத்திருக்கிறான். இந்தச் செப்பேட்டைப் பதிப்பித்த கல்வெட்டு அறிஞர் ஹுல்ஷ், இதை ஏற்றம் என்று பொருள் கொண்டார். தண்ணீர் இல்லாத நிலத்தை வைத்து என்ன செய்வது என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

இப்போது?

தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுவார்கள். பதனிடும் முன் அதைக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீரில் கலக்கிறது. நிலத்தடி நீரில் இறங்கிய உப்பை எடுப்பது லேசான வேலை இல்லை. பாலாற்றுக் கரை கிணறுகளின் பிரச்னை இதுதான். 1 கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர், முழுமையாகவோ பகுதியாகவோ பாழான விளைநிலம் சுமார் 35,000 ஹெக்டேர் என்ற கணக்குகள் உச்ச நீதிமன்றத்தின் 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பிலேயே இருக்கின்றன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது.

பிறகு உதயேந்திரம் பகுதிக்குப் பொது சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. ஆனாலும் 2025 ஜனவரி 30-ல், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுங்கள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமையுங்கள் என்று அதே நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. இடையில் ஓடியது 28 வருஷத்துக்கும் மேல்.