அறை எப்போது திறக்கும்?

நெல்லையிலிருந்து சென்னைக்குப் போகும் இரவு ரயில்கள் விழுப்புரத்தைத் தொடும்போது பெரும்பாலும் விடிந்திருக்காது. அங்கிருந்து புதுச்சேரிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டியோடு காலை ஐந்தரைக்கு ஊருக்குள் வந்து இறங்கும் ஓர் ஆய்வு மாணவியை நினைத்துக்கொள்வோம். பயிலரங்கம் தொடங்குவது ஒன்பதரைக்கு. விடுதியில் அறை தருவது பகல் பன்னிரண்டுக்கு. இடையில் அவர் எங்கே குளிப்பார், எங்கே உடை மாற்றுவார்? அழைப்பிதழில் இதற்கு இருப்பது ஒரே வரி: ‘தங்குமிட வசதி செய்து தரப்படும்.’

தமிழ்க் கல்வி உலகம் மாநாடு நடத்தக் கற்றுக்கொண்ட அளவுக்குத் தங்கிப் படிக்கும் பயிலரங்கம் நடத்தக் கற்றுக்கொள்ளவில்லை. பொன்னாடை, நினைவுப் பரிசு, ஆய்வுக் கோவை, மதியம் மூன்று மணிக்குச் சான்றிதழ். இந்த வரிசை எல்லாக் கல்லூரிக்கும் மனப்பாடம். பதினைந்து பேர் ஒரு வாரம் ஓரிடத்தில் தங்கி ஒரு நூலைப் படிப்பது வேறு வேலை. அதில் மேடை சின்னது. சாப்பாட்டு மேசையும் அறைச் சாவியும்தான் பெரிய விஷயங்கள்.

அந்த வேலையைப் புதுச்சேரி நெடுங்காலமாகப் பார்த்துவருகிறது. செயின்ட் லூயி வீதியில் கடலைப் பார்த்து நிற்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-ல் தொடங்கப்பட்டது. துய்மா வீதியில் தூரகிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் மையம் இருக்கிறது. இந்த இரண்டிலும் உள்ள சைவச் சுவடித் தொகுப்புகளை யுனெஸ்கோ 2005-ல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. தி.வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் 1984 முதல் இங்கிருந்துதான் வெளிவந்தது. துய்மா வீதி மையம் ஆகஸ்டு மாதங்களில் நடத்திவந்த செவ்வியல் தமிழ்க் கோடை வகுப்புகளைப் பற்றி ஐரோப்பியத் தமிழ் மாணவர்களிடம் கேட்டால் தெரியும். ஏவா வில்டன், ழான்-லுக் ஷெவ்வியார் போன்ற அறிஞர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிப்பதுதான் அதன் முறை.

வரி வரியாகப் படிப்பது என்றால் என்ன? ஓர் அடியைச் சீர் பிரித்து, உரைகாரர் சொன்னதைப் பார்த்து, சுவடியில் பாட வேறுபாடு உண்டா என்று தேடி, ‘இந்த ஐகாரம் வேற்றுமையா, சாரியையா’ என்று நால்வர் நாலு விதமாகச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் வந்துவிடும். ஒரு காலைப் பொழுதில் பத்து அடி நகர்ந்தால் அது நல்ல நாள். அரங்கில் முடியாத சண்டை ராத்திரி தோசைக்காகக் காத்திருக்கும்போது முடியும். தங்கிப் படிப்பதன் பொருளே அந்தத் தோசை நேரம்தான்.

ஜெர்மனியின் கருங்காட்டில் ஓபர்வோல்ஃபாக் என்ற ஊரில் 1944-ல் தொடங்கிய கணித ஆய்வு நிலையம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. வாரம் ஒன்றுக்கு ஐம்பது பேர் அளவில்தான் அழைப்பு. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய துணி உறை ஒன்று உண்டு. அவற்றைப் பணியாளர்கள் கலைத்துக் கலைத்து வைப்பார்கள். நேற்று முனைவர் பட்டம் பெற்றவர் இன்று துறையின் பெரிய தலைக்குப் பக்கத்தில் ரொட்டி சாப்பிடுவார். புதன்கிழமை பிற்பகல் வகுப்பே கிடையாது, எல்லோரும் மலையேறி நடக்க வேண்டும். பணியாளர் ஒருவர் இரண்டு நிமிடம் செலவழித்துச் செய்கிற காரியத்தை ஒரு தொடக்க விழாவால் செய்ய முடியாது.

நம் ஊரில் நடப்பது நேர் எதிர். வெளிநாட்டார் கடற்கரை ஓரம் பழைய பிரெஞ்சு வீட்டில், பேராசிரியர்கள் நகரத்து ஓட்டலில், மாணவர்கள் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் காலாப்பட்டுப் பக்கம் ஏதோ ஒரு விடுதியில். மாலை ஐந்தரைக்கு வேன் வந்து மாணவர்களை அள்ளிக்கொண்டு போய்விடும். இதைப் பந்தி வஞ்சனை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? எல்லோருக்கும் சுமாரான அறை, ஆனால் ஒரே கட்டடம் என்பதுதான் சரியான கணக்கு.

அரவிந்தர் ஆசிரம விருந்தினர் விடுதிகளை அமைப்பாளர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. சுத்தம், நியாயமான வாடகை. மது, புகை கிடையாது என்பதால் பெண் பிள்ளையைத் தனியே அனுப்பும் வீட்டாருக்கும் நிம்மதி. ஆனால் பலவற்றில் இரவு பத்தரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதை முதல் நாளே சொல்லிவிட்டால் குறையே இல்லை. தெரியாமல் பதினொன்றுக்கு வந்து நிற்பவருக்குத்தான் சங்கடம்.

அதைவிடப் பெரிய பொறி நாட்காட்டியில் இருக்கிறது. ஆகஸ்டு 15 நாட்டுக்குச் சுதந்திர தினம், ஆசிரமத்துக்கு அரவிந்தர் பிறந்த நாள். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, நவம்பர் 24 போல அதுவும் தரிசன நாள் என்பதால் வெளியூர் அன்பர்கள் மாதக்கணக்கில் முன்பே அறை பிடித்துவிடுவார்கள். மறுநாள் ஆகஸ்டு 16, 1962-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள். தமிழ்நாட்டில் இல்லாத அரசு விடுமுறை. ஆடி ஐந்தாம் வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர், துணைநிலை ஆளுநரே வடம் பிடிப்பார். போதாக்குறைக்கு வாரக் கடைசியில் சென்னையும் பெங்களூரும் காரில் ஏறி வந்துவிடும். சரி, ஆகஸ்டு வேண்டாம், நவம்பருக்குத் தள்ளலாம் என்றால் மழை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது ஒரு நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தெருவெல்லாம் ஏரியானது. உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் தேதி குறிக்கக் கூடாத ஊர் இது.

யாழ்ப்பாணத்திலிருந்து வருபவரின் பாடு தனி. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. கடல் கடந்துவிட்டால் காரைக்கால், சிதம்பரம், கடலூர் வழியாகப் பஸ்ஸிலேயே வந்து சேரலாம். ஆனால் சுற்றுலா விசா வேறு, கருத்தரங்கு விசா வேறு. பின்னதற்கு நடத்துகிற நிறுவனம் அரசின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். வந்து தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் விவரத்தைப் பதிய வேண்டும். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி அழைப்போடு அனுப்ப ஒரு மாலைப் பொழுது போதும். அந்த ஒரு பக்கம் வராததால் வராமல் போனவர்கள் எந்த வருகைப் பதிவேட்டிலும் இருப்பதில்லை.

உள்ளூர் மாணவருக்கு வேறு தடை. வெளியூர் போக ‘ஓ.டி.’ அனுமதி கேட்டு நிற்கும்போது, ‘பாண்டிச்சேரிக்கா?’ என்று துறைத் தலைவர் சிரிப்பார். மலிவு மதுவுக்குப் பேர்போன ஊர் என்பதால் வந்த சிரிப்பு. நாள்வாரிப் பாடத்திட்டம் அச்சிட்ட கடிதம் ஒன்று கையில் இருந்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நிற்கும்.

பிறகு பணம். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் உதவித்தொகை இல்லாத முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய். இதில் ஒரு வாரத்துச் செலவை முதலில் கைக்காசு போட்டுச் செய், பில் கொடு, பிறகு தருகிறோம் என்பது சுலபமான ஏற்பாடு, கொடுப்பவருக்கு. பயணப்படியை வந்த நாளே கையில் தருவதற்குப் பெரிய நிதி ஒன்றும் வேண்டாம், கணக்குப் பிரிவோடு முன்கூட்டிப் பேசியிருந்தால் போதும். அசல் டிக்கெட் இல்லாமல் பில் நகராது என்பார்கள். அந்த டிக்கெட்டோ நடத்துநரின் கைக்கருவி துப்பும் வழவழப்பான சின்னத் தாள். பர்ஸில் வைத்து, வெயில் பட்டு, இரண்டு மாதம் கழித்துக் கணக்கர் மேசையில் எடுத்துப் பிரிக்கும்போது அதில் ஊர்ப் பெயரும் இருக்காது, ரூபாயும் இருக்காது.