குரோமா, ஃபயர்ஃபாக்ஸா, நம்ம ஊர் உலாவா? பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஆப்பை 3,450 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்து நின்றால், அந்த ஆப்பில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்தானே?

2025 ஆகஸ்ட்டில் அது நடந்தது. பெர்ப்ளெக்ஸிட்டி என்ற ஏஐ நிறுவனம், கூகுளின் குரோம் பிரவுசரை வாங்க அந்தத் தொகையைச் சொன்னது. கூகுள் விற்கவில்லை. அடுத்த மாதமே, குரோமை விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

இவ்வளவு விலை பேசப்படும் அந்த ஆப்பை நாம் எப்படித் தேர்ந்தெடுத்தோம்? உண்மையைச் சொன்னால், தேர்ந்தெடுக்கவே இல்லை. புது போனின் பெட்டியைப் பிரித்தபோதே அது உள்ளே இருந்தது. ஆண்ட்ராய்டில் குரோம், ஐபோனில் சஃபாரி. அன்றிலிருந்து அதையே தட்டிக்கொண்டிருக்கிறோம், அவ்ளோதான்.

தென்காசிக்கு இதில் என்ன வேலை?

நிறையவே இருக்கிறது. ஸோஹோ நிறுவனம் 2011-லேயே தென்காசிப் பக்கம் அலுவலகம் தொடங்கியது. மத்தளம்பாறையில், மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும் தூரத்தில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள் என்பதே அப்போது பெரிய செய்தி. நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவும் பிறகு இந்தப் பக்கமே குடிவந்துவிட்டார். அந்த நிறுவனம் 2023 மே மாதம் வெளியிட்ட பிரவுசர்தான் ‘உலா’.

அதே ஆண்டு ஆகஸ்ட்டில், இந்தியாவுக்கென ஒரு பிரவுசரை உருவாக்கும் போட்டியை மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவித்தது. 2025 மார்ச்சில் முடிவு வந்தது. முதல் பரிசான 1 கோடி ரூபாயை வென்றது உலா. அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் ஸோஹோவின் ‘அரட்டை’ ஆப் தீயாகப் பரவியபோது, உலாவின் பெயரும் கூடவே பரவியது.

“நம்ம ஊர் கம்பெனிப்பா, மாறிடலாம்” என்று வாட்ஸ்அப் குரூப்புகளில் மெசேஜ் பறந்தது. ஊர்ப்பாசம் நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு பிரவுசரைத் தேர்ந்தெடுக்க அது மட்டும் போதாது. குரோமிடம் கேட்க வேண்டிய அதே கேள்விகளை உலாவிடமும் கேட்டால்தான் அது நியாயமான தேர்வு.

பிரவுசருக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும்?

ஜூன் மாதம், சாரல் தொடங்கியாச்சு. மெயின் ஃபால்ஸில் குளிக்க அனுமதி இருக்கா, ஐந்தருவியில் தண்ணி எப்படி விழுது என்று தேடுகிறீர்கள். அப்படியே குற்றாலத்தில் இரண்டு நாளைக்கு ரூம் கிடைக்குமா என்று நாலு தளங்களைப் பார்க்கிறீர்கள். மறுநாள் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால் அங்கேயும் குற்றாலம் லாட்ஜ் விளம்பரம். சமையல் குறிப்பு படிக்கப் போனால் அங்கேயும் அதே லாட்ஜ்.

இதற்கு முக்கியக் காரணம் மூன்றாம் தரப்பு குக்கீ. நீங்கள் போன தளத்துக்குள் விளம்பர நிறுவனமும் ஒரு சின்ன அடையாளச் சீட்டை உங்கள் பிரவுசரில் ஒட்டிவிடுகிறது. அடுத்தடுத்த தளங்களிலும் அதே விளம்பர நிறுவனம் இருந்தால், சீட்டைப் பார்த்து “அவர்தான் இவர்” என்று கண்டுகொள்கிறது. லாட்ஜ் விளம்பரத்தோடு முடிந்தால் பரவாயில்லை. கடன், வேலை, நோய், கர்ப்பம் என்று நாம் யாரிடமும் வாய்விட்டுக் கேட்காததையெல்லாம் தேடுவதும் இதே ஜன்னல் வழியாகத்தான்.

தமிழில் உலா என்று ஒரு சிற்றிலக்கிய வகையே உண்டு. தலைவன் வீதியில் பவனி வருவான், ஏழு பருவப் பெண்களும் நின்று பார்ப்பார்கள். இணையத்தில் நாம் போகும் உலாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே வித்தியாசம், வீதியில் நின்று பார்ப்பது யார் என்று நமக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தை எவ்வளவு தள்ளி நிறுத்துவது என்பதைப் பெரிய அளவில் தீர்மானிப்பது பிரவுசர்.

கேள்வி 1: இதற்குக் காசு எங்கிருந்து வருகிறது?

ஒரு பிரவுசரை எழுதிப் பராமரிக்க நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் வேண்டும். அதை இலவசமாகத் தருகிறார்கள் என்றால், சம்பளம் வேறு எங்கிருந்தோ வருகிறது.

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருமானத்தில் சுமார் நான்கில் மூன்று பங்கு விளம்பரத்தில் வருவது. மூன்றாம் தரப்பு குக்கீகளை ஒழிக்கப்போவதாக 2020-ல் அறிவித்த கூகுள், தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. விளம்பரத்தில் வாழும் நிறுவனத்துக்கு அது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

மற்றவர்கள் எல்லாம் சுத்தமா? அப்படியும் சொல்ல முடியாது. சஃபாரியில் கூகுள் தேடலை முதலில் வைப்பதற்காக, 2022-ல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்குத் தந்தது 2,000 கோடி டாலர். அமெரிக்க வழக்கில் வெளிவந்த கணக்கு இது. ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதியும் கூகுள் தேடல் ஒப்பந்தத்தில்தான் வருகிறது. தனியுரிமையையே பெயராக்கிக்கொண்ட பிரேவ், சில கிரிப்டோ தளங்களின் முகவரியை டைப் செய்யும்போது தனக்குக் கமிஷன் தரும் இணைப்பைத் தானாகச் சேர்த்தது 2020-ல் அம்பலமாகி, மன்னிப்பு கேட்டது.

ஸோஹோவின் வருமானம், நிறுவனங்களுக்குச் சந்தா முறையில் விற்கும் சாஃப்ட்வேரில் வருவது. விளம்பரத் தொழில் அதற்கு இல்லை. இந்தக் கேள்வியில் உலாவுக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கலாம்.

கேள்வி 2: இன்ஜின் யாருடையது? அப்டேட் எப்போது வரும்?

பிரவுசர்களின் பெயர்தான் பல. உள்ளே ஓடும் இன்ஜின்கள் மூன்றே மூன்று. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, சாம்சங் இன்டர்நெட் எல்லாமே கூகுள் முன்னின்று நடத்தும் குரோமியம் என்ற திறந்த மூலத் திட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. உலாவும் அப்படித்தான். ஃபயர்ஃபாக்ஸுக்குச் சொந்தமாக கெக்கோ, சஃபாரிக்கு வெப்கிட். இந்தியாவில் ஐபோன் வைத்திருப்பவர்கள் எந்த பிரவுசரை இறக்கினாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். ஆப்பிளின் விதி அது.

குரோமியத்தில் கட்டுவது தவறில்லை. பேங்க் தளம், அரசுத் தளம் எல்லாம் தடையில்லாமல் ஓடும். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குரோமியத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், கூகுள் அதை அடைத்துத் திருத்தத்தை வெளியிடும். 2023 ஆகஸ்ட்டிலிருந்து குரோமுக்கு வாரம் ஒருமுறை இந்தத் திருத்தம் வருகிறது. அதே குரோமியத்தை எடுத்துக் கட்டியவர்களும் சீக்கிரமே தங்கள் பிரவுசரில் அதைச் சேர்க்க வேண்டும். அவர்கள் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும், ஓட்டை எங்கே என்று ஊருக்கே தெரிந்த வீட்டில் நாம் குடியிருக்கிறோம்.

இதை நீங்களே பார்க்கலாம். பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் கடைசியாக அப்டேட் ஆன தேதி இருக்கும். மாதக்கணக்கில் பழையது என்றால், எந்த ஊர் பிரவுசராக இருந்தாலும் வேண்டாம்.

வேகத்தை மட்டும் பார்த்து ஆப் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு யூசி பிரவுசர் ஒரு பாடம். டேட்டா மிச்சம், டவுன்லோடு வேகம் என்று ஒரு காலத்தில் இந்தியா முழுக்க அதை வைத்திருந்தார்கள். அது பயனர் விவரங்களைச் சரியான பாதுகாப்பில்லாமல் அனுப்புகிறது என்று கனடாவின் சிட்டிசன் லேப் 2015-லேயே எச்சரித்தது. 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 சீன ஆப்களில் அதுவும் ஒன்று.

கேள்வி 3: நாம் எதையும் தொடாமல் இருந்தால், எதைத் தடுக்கிறது?

நம்மில் பலரும் செட்டிங்ஸ் பக்கம் போவதே இல்லை. எனவே, இறக்கியவுடன் ஒரு பிரவுசர் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் முக்கியம்.

சஃபாரி 2020-லிருந்து மூன்றாம் தரப்பு குக்கீகளை முழுதாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் பூட்டி, ஒன்றோடொன்று பேசவிடாமல் செய்கிறது. பிரேவும் உலாவும் விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தடுப்பதையே முதல் வேலையாகச் சொல்கின்றன. உலாவில் வேலைக்கு, வீட்டுக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனி மோடுகளும் உண்டு. குரோமில் இதே தடுப்பு வேண்டுமென்றால், நீங்களே உள்ளே போய் ஆன் செய்ய வேண்டும்.

“நான் இன்காக்னிட்டோவில்தானே பார்க்கிறேன்” என்பவர்களுக்கு ஒரு தகவல். அது உங்கள் போனில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்ளும். வெளியே இருப்பவர்களின் கண்ணைக் கட்டாது. இன்காக்னிட்டோவிலும் விவரம் சேகரித்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-ல் கூகுள் ஒப்புக்கொண்டது.

கம்பெனி சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம் என்றால், எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் ‘கவர் யுவர் டிராக்ஸ்’ தளத்தைத் திறந்து சோதியுங்கள். உங்கள் பிரவுசர் எந்த அளவுக்குத் தடுக்கிறது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

கேள்வி 4: இந்த பிரவுசர் யாரை நம்புகிறது?

அதிகம் பேசப்படாத, ஆனால் மிக முக்கியமான கேள்வி இது. உங்கள் பேங்க் தளம் நிஜமானதுதான் என்று பிரவுசர் எப்படி முடிவு செய்கிறது? அந்தத் தளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழை வைத்து. அந்தச் சான்றிதழைத் தரும் நிறுவனங்களில் யாரை நம்பலாம் என்ற பட்டியலை பிரவுசரோ, போனின் இயங்குதளமோ வைத்திருக்கிறது. அதில் பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்கள்தான்.

மத்திய அரசின் போட்டிக்குப் பின்னால் இருந்த முக்கியக் காரணமே இதுதான். இந்தியாவின் சான்றளிக்கும் அதிகார அமைப்பை நம்பும் ஒரு பிரவுசர் வேண்டும் என்றது அரசு. நம் நாட்டுத் தளங்களுக்கான பூட்டுக்கு வெளிநாட்டைச் சார்ந்திருக்கக் கூடாது என்பது நியாயமான வாதம்.

ஆனால் 2014 ஜூலையில் நடந்ததையும் மறக்கக் கூடாது. இதே அமைப்பின் கீழ் இருந்த தேசிய தகவல் மையத்திலிருந்து, கூகுளின் தளப் பெயர்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகின. கூகுள் கண்டுபிடித்துத் தடுத்தது. அந்தச் சான்றிதழ்கள் ரத்தும் செய்யப்பட்டன. அப்படிப்பட்ட சான்றிதழ் தவறான கைக்குப் போனால், போலித் தளமும் அசல் போலவே தெரியும். நம்புகிறவர்களின் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கும்போது, கண்காணிக்க வேண்டிய இடமும் ஒன்று கூடுகிறது. சுதேசி என்பதற்காகக் கண்காணிப்பைத் தளர்த்த முடியாது.

சரி, எதைத்தான் வைத்துக்கொள்வது?

நம் கருத்து இதுதான்: இரண்டு பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பேங்க், வருமான வரி, ரயில் டிக்கெட் போன்ற லாகின் வேலைகளுக்கு மட்டும். வேகமாக அப்டேட் வரும், தளங்கள் தடுமாறாமல் ஓடும் பிரவுசராக இருக்கட்டும். இதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் போடாதீர்கள்.

இன்னொன்று, செய்தி, தேடல், ஷாப்பிங், குற்றாலம் ரூம் என்று மற்ற எல்லாவற்றுக்கும். இதையே டீஃபால்ட் ஆக்குங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் ஆப்ஸ் போய், டீஃபால்ட் ஆப்ஸில் மாற்றலாம். ஐபோனிலும் 2020-லிருந்து இந்த வசதி உண்டு. ஃபயர்ஃபாக்ஸ், பிரேவ், உலா மூன்றில் எதுவும் இதற்கு ஓகே. இணையம் முழுக்க ஒரே இன்ஜினில் ஓடக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு ஆண்ட்ராய்டில் ஃபயர்ஃபாக்ஸ். விளம்பரத்தை நம்பாத நிறுவனம், அதுவும் நம்மூர் நிறுவனம் வேண்டும் என்பவர்களுக்கு உலா.

இப்போது புதிதாக வரும் ஏஐ பிரவுசர்களை மட்டும் கொஞ்ச நாள் தள்ளியே வையுங்கள். பக்கத்தைப் படித்து உங்களுக்காக அவையே வேலை செய்கின்றன. ஒரு பக்கத்தில் ஒளித்து எழுதிய கட்டளையை உங்கள் கட்டளை என்று நினைத்து அவை செயல்பட வாய்ப்புண்டு. பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட்டில் அப்படியொரு ஓட்டை இருந்ததை பிரேவின் ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்ட்டில் விளக்கினார்கள். பேங்க் லாகின் இருக்கும் இடத்தில் அதை விடாதீர்கள்.

ஆண்ட்ராய்டு போன்களில் தன் ஆப்களைச் சேர்த்தே திணித்ததற்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சட்டம் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறது. டீஃபால்டை மாற்றுவது மட்டும் நம் கையில். அதற்கு 2 நிமிடம் போதும்.