தொலைந்த கல்லும் நடப்படாத கல்லும்

விமான் நகரில் நான் தங்கியிருக்கும் அறையிலிருந்து டெக்கன் கல்லூரி அதிகத் தொலைவில்லை. அக்கல்லூரியின் தொல்லியல் துறை 1968 முதல் 1983 வரை, இதே புனே மாவட்டத்தில் கோட் ஆற்றங்கரையிலுள்ள இனாம்காவ் என்னும் ஊரில் அகழாய்வு நடத்தியது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் புதைகுழிகளைப் பற்றித்தான் இப்பக்கத்தில் வழக்கமாக எழுதிவருகிறேன். இன்று எழுதுவது எங்கள் சொந்த இடுகாட்டைப் பற்றி.

கோவில்பட்டிக்கு மேற்கே எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. இறந்தவரை எரிப்பது எங்களிடம் வழக்கமில்லை. நிலத்தின் தென்மூலையில் புதைப்போம். சூரிய மின்தகடுகள் நிறுவ ஒரு நிறுவனம் நிலத்தைக் கேட்கிறது. பங்காளிகள் விற்க இசைந்துவிட்டனர். பெரியப்பா மட்டும், இடுகாடு இருக்கும் இருபது சென்ட்டை ஒதுக்கிச் சுவர் எழுப்பிய பிறகே கையெழுத்து என்று உறுதியாக நின்றார். சுவர் எழுப்புமுன் பூட்டனின் குழி எது என்று கண்டறிந்து பெயர் பொறித்த கல் நட வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. “எலும்பைப் பத்தித்தானே படிக்கிற? இதைச் சொல்ல முடியாதா?” என்றார்.

அடையாளமற்ற குழிகளைக் காண்பதற்கு முறைகள் இருக்கின்றன. உடல் மட்கும்போது மேல்மண் உள்வாங்கும். காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் பார்த்தால் நிழல் விழுந்து பள்ளம் தெரியும். மழை பெய்த மறுநாள் நீர் எங்கே தேங்குகிறது, புல் எங்கே அடர்ந்திருக்கிறது என்று நோக்கலாம். தலையைத் தெற்கே வைத்துப் புதைக்கும் எங்கள் வழக்கத்தால் குழிகள் ஒரே திசையில் நீண்டிருக்கும். இவற்றைக் கொண்டு பதினோரு இடங்களை ஓரளவு உறுதியாகக் குறித்தேன். தலைமாட்டுக் கல் எஞ்சியிருந்தவை நான்கு. அவற்றிலும் எழுத்து இல்லை.

நிலம் ஊடுருவும் ராடாரைக் கொண்டுவரலாமே என்று நண்பர்கள் பலர் கேட்டார்கள். கரிசல் அதற்கு ஏற்ற மண் அன்று. களிமண்ணும் ஈரமும் அலைகளை விரைவில் விழுங்கிவிடும். கோடைதோறும் ஆழமாக வெடித்து மூடும் மண்ணில் பழைய குழியின் விளிம்புகளும் குலைந்துவிடும். ஏற்ற மண்ணிலும் அக்கருவி காட்டுவது மண் கலைந்த இடத்தைத்தான், எலும்பை அன்று. 2021இல் கனடாவின் கம்லூப்ஸ் உறைவிடப் பள்ளி வளாகத்தில் ராடார் ஆய்வு நடந்தபோது முதலில் 215 என்று வெளியான எண்ணிக்கையை, ஆய்வாளர் பின்னர் 200 என்று திருத்தி, அவையும் அகழும்வரை புதைகுழிகளாக இருக்கக்கூடிய இடங்கள் மட்டுமே என்றார். அந்த நிதானம் நமக்கும் வேண்டும். குழியைக் கண்டறிவது ஒரு வேலை, குழிக்குள் இருப்பவர் யார் என்பது வேறொரு வேலை. முன்னதை மண்ணிடம் கேட்கலாம். பின்னதற்கு மண்ணிடம் விடையில்லை.

ஆவணங்களையும் தேடினேன். சென்னை மாகாணத்தில் 1899ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிறப்பு, இறப்புகள் பதிவாயின. கிராமத்தில் அவற்றை எழுதிவைத்தவர் முன்சீப். பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. அக்காலப் பதிவேடு கிடைத்தாலும் இறந்த நாளும் காரணமும் தெரியுமே தவிர, எந்தக் குழி என்பது தெரியாது. ஆகவே பெரியப்பாவிடம், பதினோரு குழிகளில் பூட்டனுடையது எதுவென்று சொல்ல என்னிடம் சான்றில்லை என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதன் பிறகுதான் அத்தையிடம் போனேன். முதலிலேயே போயிருக்க வேண்டும். எண்பதைக் கடந்தவர், அவரிடம் இதுவரை எவரும் எதுவும் கேட்டதில்லை. பூட்டனின் குழியை அவரும் அறியவில்லை. ஆனால் நாங்கள் சுவருக்காக அடித்திருந்த முளைகளைத் தாண்டி, ஓடைக்கரையில் நின்ற உடைமரத்தருகே போய் நின்றுகொண்டார். “புள்ளைகளை இங்கனதான் வச்சாக” என்றார். மூன்று குழந்தைகள். ஒருத்தி அவருடைய உடன்பிறந்தவள். சற்றுத் தள்ளி, பூட்டனின் மூத்த மனைவி. பிரசவத்தில் இறந்தவரைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது என்று தனியே கொண்டுவந்தார்களாம். அவர் பெயரை அத்தையும் கேட்டதில்லை. மூத்தவள் என்றுதான் அவரும் சொன்னார்.

அவளுக்கும் ஒரு கல் இருக்கிறது, குழியின்மேல் இல்லை. ஊருக்குத் திரும்பும் பாதையோரத்தில் நிற்கும் சுமைதாங்கிதான் அது. வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணுக்காகச் சுமைதாங்கி நடும் வழக்கத்தைப் பாடமாகப் படித்தவன் நான். சிறுவயதில் அந்தக் கல்லின்மேல் ஏறிக் குதித்திருக்கிறேன். அது எங்கள் வீட்டுக் கல் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஓடைக்கரை அந்த இருபது சென்ட்டுக்குள் வரவில்லை. விற்கப்போகும் பகுதியில் இருக்கிறது.

இங்கேதான் நம் துறையோடு எனக்கொரு வழக்கு. அடையாளமற்ற குழி என்றதும் கல் தொலைந்த குழியையே நினைக்கிறோம். கல் நடத் தகுதியற்றவர் என்று தொடக்கத்திலேயே விலக்கப்பட்டவரின் குழி வேறு வகை. அது பெரும்பாலும் நாம் ஆய்வுக்கு வகுத்த எல்லைக்கு வெளியே கிடக்கும். பெரிய நிறுவனங்களும் இதையே செய்திருக்கின்றன. முதல் உலகப் போரில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களிலும் தொழிலாளரிலும் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துக்காக அமைந்த குழு 2021இல் ஒப்புக்கொண்டது. சயாம் ரயில்பாதையில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. அதே பாதையில் மடிந்த மலாயாத் தோட்டத் தமிழர்களுக்குப் பெயர் பொறித்த வரிசைகள் இல்லை.

இனாம்காவில் கிடைத்த இருநூற்றுக்கும் மேற்பட்ட புதைகுழிகளில் பெரும்பாலானவை குழந்தைகளுடையவை. இரண்டு தாழிகளை வாயோடு வாய் பொருத்தி, வீட்டுத் தரையின் கீழேயே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, எண்ணிட்டுப் பதிவு செய்திருக்கிறது டெக்கன் கல்லூரி. அந்தக் குழந்தைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிகூட என் அத்தையின் தங்கையைப் பற்றித் தெரியாது. மாணவர்கள் ராடாருக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுமுன், விடுமுறையில் ஊருக்குப் போய்த் தம் வீட்டு மூத்த பெண்களோடு இடுகாட்டில் ஒரு சுற்று நடக்கலாம். அதற்குத் தாளும் அளவுநாடாவும் போதும்.

பெயர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஐயமுள்ள குழியின்மேல் பெயர் பொறிப்பது, அங்கே உண்மையில் உறங்குபவரை இரண்டாம் முறை அழிப்பதாகும். குழிகளின்மேல் வெறும் கல், நுழைவாயிலில் தெரிந்த பெயர்கள் எல்லாம் அடங்கிய ஒரே பலகை என்று பெரியப்பாவிடம் சொன்னேன். பலகையை ஏற்றார். பூட்டனுக்கு மேல் ‘மூத்தவள்’ என்று எழுதலாமா என்பதில் இன்னும் பேச்சு முடியவில்லை.

சர்வேயர் அடுத்த வாரம் வருகிறார். ஓடைக்கரையையும் சேர்த்து முளையடித்துக் கோட்டுப்படம் வரைந்திருக்கிறேன். கூடுதலாக ஏழு சென்ட் வேண்டும். பங்காளிகளில் இருவர் ஒப்பவில்லை.