படகில் நாம் அமரும் இடம்

இலக்கிய நண்பர்கள் கூடுமிடங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. பசியால் சாகக் கிடப்பவன் செய்ததைக் குற்றம் என்று சொல்லச் சட்டத்துக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கழுத்தில் கத்தி இருக்கும்போது அறம் பேச முடியுமா? 'நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்?' என்று கேட்டு, ஒரு பெருமூச்சோடு விவாதத்தை முடித்துக்கொள்வார்கள். கருணையின் குரலாக ஒலிக்கும் இக்கேள்வியில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது என்பதே நம் வாதம்.

நிர்ப்பந்தம், தவிர்க்கவியலாத் தேவை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் வந்து சேரும் வழக்கு ஒன்று உண்டு. 1884 மே மாதம் மிக்னொனெட் என்னும் சிறு பாய்மரக் கப்பல் சவுதாம்டனிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. கப்பல் தலைவர் டாம் டட்லி, எட்வின் ஸ்டீஃபன்ஸ், எட்மண்ட் புரூக்ஸ், 17 வயதுப் பையன் ரிச்சர்ட் பார்க்கர் என நால்வர் அதில் இருந்தனர். ஜூலை 5 அன்று தென் அட்லாண்டிக்கில் கப்பல் மூழ்க, நால்வரும் ஒரு திறந்த படகில் தப்பினர். டர்னிப் கிழங்கு அடைத்த இரண்டு டப்பாக்களும், வழியில் பிடிபட்ட ஓர் ஆமையுமே உணவு. குடிக்க மழைநீரைத் தவிர வேறில்லை. 20ஆம் நாள், கடல்நீரைக் குடித்து நோயுற்றுக் கிடந்த பார்க்கரை டட்லி கொன்றார். ஸ்டீஃபன்ஸ் இசைந்தார்; புரூக்ஸ் இசையவில்லை. ஆனால் மூவருமே உண்டனர். நான்காம் நாள் ஜெர்மானியக் கப்பலொன்று அவர்களை மீட்டது.

கரை இறங்கிய டட்லி எதையும் மறைக்கவில்லை. கடலின் பழைய வழக்கம் தம்மைக் காக்கும் என்று நம்பினார். பொதுமக்களின் அனுதாபமும் அவர் பக்கமே இருந்தது. ஆனால் 1884 டிசம்பரில் தலைமை நீதிபதி கோல்ரிட்ஜ், தன்னுயிர் காக்கும் தேவை கொலைக்கு நியாயமாகாது என்று தீர்ப்பளித்தார். அவர், முதுமாலுமியின் கதையைப் பாடிய கவிஞர் கோல்ரிட்ஜின் குடும்பத்தில் வந்தவர். தீர்ப்பின்படி விதிக்கப்பட்ட மரண தண்டனை பின்னர் ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

இப்போது நண்பர்களின் கேள்விக்குத் திரும்புவோம். 'நாமாக இருந்தால்' என்று கேட்கிறவர் மனத்தளவில் எங்கே போய் அமர்கிறார்? டட்லியின் இடத்தில்தான். படகின் அடியில் சுருண்டு கிடந்த பையனின் இடத்தில் எவரும் அமர்வதில்லை. சீட்டுக் குலுக்கிப் போடும் யோசனை எழுந்தும் அது கைவிடப்பட்டது. எந்த அளவுகோலால் ஓர் உயிரை இன்னோர் உயிரைவிடக் குறைந்தது என்று நிறுப்பது என்று கோல்ரிட்ஜ் கேட்டார். படகில் பயன்பட்ட அளவுகோல் வெளிப்படை: இளையவன், நலிந்தவன், எதிர்க்க முடியாதவன். இலக்கியமும் இதில் பிசகியிருக்கிறது. புதுச்சேரிப் பையன் ஒருவனை நாயகனாக்கி யான் மார்ட்டெல் 2001இல் வெளியிட்ட 'லைஃப் ஆஃப் பை' நாவலில், அவனோடு படகிலிருக்கும் புலியின் பெயர் ரிச்சர்ட் பார்க்கர். தின்னப்பட்டவனின் பெயர் தின்னும் விலங்குக்குப் போய்விட்டது!

சட்டம் இரக்கமற்றது என்போர் இந்தியச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். 1860இன் தண்டனைச் சட்டம் 94ஆம் பிரிவில் ஒரு கொல்லனைப் பற்றிப் பேசுகிறது. கொள்ளையர் அவனைப் பிடித்து, உடனே கொன்றுவிடுவதாக மிரட்டி, அவன் கருவிகளாலேயே ஒரு வீட்டுக் கதவை உடைக்க வைத்தால் அவன் குற்றவாளி ஆகமாட்டான். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 32ஆம் பிரிவில் அந்தக் கொல்லனை வைத்திருக்கிறது. குறை இல்லாமல் இல்லை. 'உடனடி மரணம்' என்னும் சொல், நாள்தோறும் அடிபட்டு ஏவலுக்குப் பணியும் கொத்தடிமையைக் காண்பதில்லை. கொலைக்கு மட்டுமின்றி, மரண தண்டனைக்குரிய அரசெதிர்ப்புக் குற்றங்களுக்கும் இந்த விலக்கு கிடையாது. மனித உயிருக்குச் சமமாகத் தன்னையும் அரசு அமர்த்திக்கொண்டது. நம் அறச்சீற்றம் பாய வேண்டிய இடம் இது.

ஆனால் நம் வாதத்தையே உலுக்கும் ஒரு வழக்கும் உண்டு. 1995 ஜூலை 16 அன்று, ஸ்ரெப்ரெனிட்சாப் படுகொலையின்போது, ட்ராசன் எர்டெமோவிச் என்னும் படைவீரர் கைதிகளைச் சுட மறுத்தார். அப்படியானால் நீயும் அவர்களோடு வரிசையில் நில் என்று சொல்லப்பட்டது, சுட்டார். அவர் மறுத்துச் செத்திருந்தாலும் ஒருவர்கூடப் பிழைத்திருக்க மாட்டார். டட்லி மறுத்திருந்தால், அந்தக் கணத்தில் பார்க்கர் கொல்லப்பட்டிருக்க மாட்டான். இவ்வேறுபாடு பெரிது. ஹேக் நகரின் சர்வதேசத் தீர்ப்பாயம் 1997இல் மூன்றுக்கு இரண்டு என்று பிளவுபட்டு, நிர்ப்பந்தம் அவரை முழுதாக விடுவிக்காது என்றது. மறுஆண்டு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. விலக்கின் கதவைக் கொலைக்கும் திறந்தே ஆக வேண்டுமென்றால், இப்படிப்பட்டவருக்காக மட்டும் திறக்கலாம் என்போம்.

அகலத் திறந்தால் முதலில் நுழைபவர் யார் என்பதையும் வரலாறு காட்டிவிட்டது. 2002 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறையின் வழக்கறிஞர்கள் எழுதிய குறிப்பாணை, விசாரணையில் சித்திரவதை செய்வோருக்கும் தவிர்க்கவியலாத் தேவை என்னும் வாதம் பொருந்தலாம் என்றது. பட்டினி கிடந்த மாலுமிக்கு மறுக்கப்பட்ட வாதத்தை வயிறு நிறைந்த அரசு கேட்டது.

பெற்றவளின் பசியைக் கண்டபோதும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது 656ஆம் குறள். வள்ளுவர் இவ்வளவு கடுமையானவரா என்று வருந்துவோர் பரிமேலழகரைப் படிக்க வேண்டும். முதிய பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வாடும்போது தீயன செய்தேனும் காக்கலாம் என்பது அறநூல்களின் பொதுவிதி. அது அமைச்சருக்குப் பொருந்தாது என்பதற்காகவே இக்குறள் என்கிறார் அவர். அதிகாரம் ஏற ஏற விலக்கு சுருங்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். கொல்லனுக்கு விலக்கு உண்டு. கப்பலின் தலைவருக்கு இல்லை; அந்தப் பையனின் உயிர் அவர் பொறுப்பில் இருந்தது.

டட்லிக்கு மன்னிப்புக் கிடைத்ததில் நமக்கு வருத்தமில்லை. மன்னிப்பை, செய்தது பிழை என்று அறிந்து தருகிறோம். உரிமையென்று தந்துவிட்டால், அடுத்த படகில் கத்தியை எடுப்பவருக்குத் தயங்கவும் காரணம் இராது. 'நாமாக இருந்தால்' என்று இனிக் கேட்கும் நண்பர்கள், முதலில் பார்க்கரின் இடத்தில் அமர்ந்துவிட்டுக் கேட்கட்டும்.