கத்தி மழுங்கினால் கைக்கு ஆபத்து!



மாடு வைத்திருக்கிற வீடுகளில் இப்போது தட்டு நறுக்கும் மிஷின் நிறைய வந்துவிட்டது. சோளத்தட்டோ கோ-4 புல்லோ, நறுக்கிப் போட்டால் மாடு மிச்சம் வைக்காமல் தின்னும். முழுசாகப் போட்டால் இலையைத் தின்றுவிட்டுத் தண்டைக் காலில் போட்டு மிதிக்கும். அதனால் மிஷின் வேண்டாம் என்று நான் எழுத வரவில்லை. மிஷின் மக்கர் பண்ணும்போது நாம் என்ன பண்ணுகிறோம் என்பதைப் பற்றித்தான் என் கருத்து.

புதுக் கத்தி மாட்டிய அன்று வீட்டில் எல்லாரும் "கூரா இருக்கு, பாத்துப் போடு" என்று சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து யாரும் சொல்ல மாட்டார்கள். மழுங்கின கத்தி என்ன பண்ணிவிடும் என்ற நினைப்பு. இது தலைகீழ் என்று நான் சொல்கிறேன்.

கூரான கத்தி தட்டைச் சரக் சரக்கென்று வெட்டித் தள்ளிக்கொண்டே இருக்கும். நம் கைக்கு அங்கே வேலையே இல்லை. மழுங்கின கத்தி வெட்டாது, மடக்கும். மடங்கின நார் உருளையில் சுத்திக்கொள்ளும். தட்டு நின்றுபோகும். பள்ளிக்கு நேரம் ஆகிறது, மாடு கத்துகிறது. உடனே ஒரு கை போய் "ஒரு தள்ளு" தள்ளும். விரல் போவது அந்த ஒரு தள்ளில்தான்!

"சட்டுன்னு கையை எடுத்துர மாட்டமா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. சக்கரம் நிமிஷத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது, அதில் இரண்டு கத்தி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 600 வெட்டு. அதாவது வினாடிக்கு 10 வெட்டு. ஒரு துண்டு 2 செ.மீ. என்றால் உருளை ஒரு வினாடியில் 20 செ.மீ. தட்டை உள்ளே இழுக்கிறது. தட்டோடு நம் கையோ வளையலோ துப்பட்டா நுனியோ மாட்டினால் அதே வேகம்தான். தட்டு வைக்கும் தொட்டி 30 செ.மீ. நீளம் என்றால் நமக்குக் கிடைப்பது ஒன்றரை வினாடி. 90 செ.மீ. என்றால் நாலரை வினாடி. ஒன்றரை வினாடியில் "அம்மா" என்று கத்தலாம், அவ்வளவுதான். நாலரை வினாடியில் பக்கத்தில் நிற்பவர் ஸ்விட்சை அணைக்கலாம். தொட்டி நீளமாக இருப்பது இரும்பு தண்டம் இல்லை, நமக்குக் கொடுக்கிற நேரம் அது.

கதிரடிக்கும் மிஷினில் இதே மாதிரி கைகள் போயின. 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்றே ஒன்று நம் நாட்டில் கொண்டு வந்தார்கள். கதிரடிக்கும் மிஷினின் தொட்டி 90 செ.மீ. நீளம் இருக்கணும், அதில் 45 செ.மீ. மேலே மூடியிருக்கணும் என்று தர விதி இருக்கிறது. தட்டு நறுக்கும் மிஷின் வாங்கும்போதும் நம்ம வீட்டில் டேப் வைத்து அளந்தால் என்ன? விலையை மட்டும் நாலு கடையில் கேட்கிறோமே!

அடுத்தது கரண்ட். இதை யாரும் நினைப்பதே இல்லை. பாதி தட்டு உள்ளே இருக்கும்போது கரண்ட் போய்விடும். "சரி, இப்பத்தான் நின்னுருச்சே, சிக்கினதை எடுத்துரலாம்" என்று கையை விடுவார்கள். ஸ்விட்ச் அப்படியே ஆன் நிலையில் இருக்கும். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர், கரண்ட் போனால் தானே விழுந்துவிடும். மறுபடி பச்சைப் பட்டனை அமுக்கினால்தான் ஓடும். ஆனால் நிறைய வீடுகளில் இந்த மிஷினுக்கு இருப்பது சாதா ஸ்விட்ச். கரண்ட் வந்த நொடியே சுத்தும். அதனால் மிஷின் நின்றாலும் பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்ட பிறகுதான் தொடணும். பிடுங்கின பிறகும் சக்கரம் கனத்தினால் கொஞ்ச நேரம் சுத்தும். நிலைமம் என்று அறிவியலில் படிக்கிறோமே, அது இதுதான். பரீட்சையில் இதற்கு ஓடுகிற பஸ்ஸை உதாரணம் எழுதுகிறோம். கட்டுத்தரையில் இருக்கிற உதாரணத்தை யாரும் எழுதக் காணோம்.

மற்ற கோளாறு எல்லாம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. மோட்டார் "ங்ங்ம்" என்று முனகிக்கொண்டு சுத்தாமல் நின்றால், உள்ளே தட்டு இறுகியிருக்கலாம், வோல்ட்டேஜ் குறைவாக இருக்கலாம், கெபாசிட்டர் போயிருக்கலாம். முனக விட்டால் காயில் கருகிவிடும், உடனே அணைக்கணும். கெபாசிட்டரை நாம் தொடக் கூடாது, கரண்டை எடுத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். அது மெக்கானிக் வேலை. மோட்டார் சுத்துகிறது, சக்கரம் மட்டும் சுத்தவில்லை, ரப்பர் கருகின வாசம் வருகிறது என்றால் பெல்ட் தொளதொளவென்று இருக்கிறது. உடம்பைத் தொட்டால் சுர்ரென்று அடித்தால் எர்த் சரியில்லை. ஈரக் கட்டுத்தரையில் இரண்டு முனை பிளக் போட்டு ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கத்தி மடக்குகிறது என்றால் சாய்வாக இருக்கிற பக்கம் மட்டும் தீட்டணும், இரண்டு கத்தியையும் ஒரே அளவு தீட்டணும். ஒன்று கனமாக, ஒன்று லேசாக இருந்தால் மிஷின் மொத்தமும் ஆடும். தீட்டி மாட்டிய பிறகு கத்திக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் தாள் போகிற அளவு சந்துதான் இருக்கணும். அதிகம் இருந்தால் எவ்வளவு தீட்டினாலும் வெட்டாது.

மூடி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் நாலு வீட்டு மிஷினைப் பார்த்தேன். மூன்றில் சக்கர மூடி இல்லை! கழற்றிக் கோழிக் கூண்டுக்கு வைத்திருக்கிறார்கள். கேட்டால் "மூடி இருந்தா அடைச்சுக்குது சாமி, நாங்க பத்து வருசமா இப்படித்தான் போடறோம்" என்கிறார்கள். நியாயமான பேச்சு மாதிரித்தான் இருக்கும். ஆனால் அடைப்பது மூடியால் இல்லை, மழுங்கின கத்தியால். கத்தியைத் தீட்டாமல் மூடியைக் கழற்றுவது, காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடாமல் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி. பத்து வருசமாகப் போடுகிறவர் பெரியவர். அவருக்குப் பழக்கம். பக்கத்தில் நின்று துண்டைக் கையால் அள்ளுகிற மூன்றாம் வகுப்புப் பையனுக்கு ஏது பத்து வருசம்? கையால் சுற்றுகிற மிஷினும் சும்மா இல்லை. வட இந்தியக் கிராமங்களில் பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடி விரலை இழந்திருக்கிறார்கள். டெல்லி ஐ.ஐ.டி.யில் இதை ஆராய்ந்து, வேலை முடிந்ததும் சக்கரத்தைப் பூட்டி வைக்க ஒரு சின்ன ஊசியும், கத்திக்கு மூடியும் செய்து பார்த்தார்கள். ஒரு சின்ன இரும்பு ஊசி! நம் ஊர் வெல்டிங் பட்டறையில் செய்ய முடியாததா?

இன்னொன்றும் சொல்லியாகணும். காலையில் தட்டு போடுவது பெரும்பாலும் அம்மாக்களும் நாங்களும்தான். ஆனால் ஸ்பேனர் எடுத்தால் மட்டும் "பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு, அண்ணன் வரட்டும்" என்கிறார்கள். அண்ணன் சாயங்காலம் வருவான். மாடு அதுவரை பட்டினி கிடக்குமா? கிடக்காது. அதே மழுங்கின கத்தியில் அம்மா இன்னொரு தரம் தள்ளித் தள்ளிப் போடுவார். மிஷினை ஓட்டத் தெரிந்தவளுக்கு அதை நிறுத்தவும் கழற்றவும் தீட்டவும் தெரிய வேண்டாமா? ஐயா, அம்மா, அறிவியல் பாட வேளையில் ஒருநாள் ஒரு மெக்கானிக் அண்ணாவை வரவழைத்து, பெண் பிள்ளைகள் கையில் ஸ்பேனரைக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கத்தி தீட்டுகிறவர் சந்தை நாளில்தான் வருகிறார். அதுவரை மழுங்கினதையே ஓட்டுவானேன்? வீட்டில் ஒரு ஜோடிக் கத்தி கூடுதலாக வாங்கி, எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றிப் பரண்மேல் வைக்கச் சொல்லுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி