குமிழி அடங்கட்டும்!

நாமக்கல் லாரிப் பட்டறையிலே பாருங்கள். டியூப் பஞ்சரானால் தொழிலாளி வெறுமனே காற்றடித்துக்கொண்டா இருக்கிறான்? ஓட்டையைத் தேடுகிறான், ஒட்டுப் போடுகிறான், பிறகே காற்றடிக்கிறான். அந்தத் தொழிலாளியின் நுரையீரலிலேயே ஓட்டை விழுந்தால்? அதைப்பற்றியே இன்று பேசுகிறோம்.

காசநோய் அரித்த நுரையீரல், புகை கெடுத்த நுரையீரல், கடும் நிமோனியா தாக்கிய நுரையீரல் கிழிவதுண்டு. கசிந்த காற்று நெஞ்சுக்கூட்டில் நிறைந்து நுரையீரலை நசுக்கும். நெஞ்சிலே குழாய் செருகி, மறுமுனையைத் தண்ணீர்க் குப்பியில் அமிழ்த்துவர். காற்று குமிழியாக வெளியேறும், திரும்பி நுழையாது. 1891-ல் ஜெர்மானிய மருத்துவர் ப்யூலாவ் விளக்கிய முறை; இன்றும் உயிர் காக்கிறது. பலருக்குச் சில நாளில் ஓட்டை தானே மூடும். ஐந்தாறு நாள் கடந்தும் குமிழி அடங்காவிட்டால்? செயற்கைச் சுவாசக் கருவி தள்ளும் காற்றே ஓட்டையை ஆறவிடாது. காப்பாற்ற வந்த கருவியே காயத்தைக் கிளறும் கொடுமை! அழுத்தத்தை அளந்து குறைக்கத் தெரிந்த மருத்துவர் அருகிருக்க வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. நோயாளியின் சொந்த இரத்தத்தையே எடுத்துக் குழாய்வழி செலுத்தி ஓட்டையை அடைக்கும் முறை 1987-லேயே மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. செலவு சொற்பம், ஆனால் எல்லோருக்கும் பலிக்காது, குழாய் அடைபடலாம், சீழ் பிடிக்கலாம். மூச்சுக்குழலுக்குள் வைக்கும் ஒருவழி வால்வு உண்டு. நுரையீரல் அறுவைக்குப் பின் நீடிக்கும் கசிவுக்கு அமெரிக்கா அதனை 2008-ல் அனுமதித்தது. விலையோ ஏழைக்கு எட்டாக்கனி!

2021 மே மாதம், கொரோனா கொடுமையிலே, சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் எழுந்தன. முனைந்தால் முடியும் என்று காட்டிய மண் இது! சேலத்திலே 1986 முதல் அரசு மருத்துவக் கல்லூரி; நாமக்கல்லிலே 2022 முதல் மற்றொன்று. ஆகவே கேட்கிறோம்: இரத்த ஒட்டும் வால்வும் சேலத்திலேயே, காசு கேட்காமல் கிடைக்கட்டும். காப்பீட்டுத் திட்டம் அதற்குக் கைகொடுக்கட்டும்.

அதுவரை ஒன்று. நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு நோயாளியை அனுப்பும்போது, குமிழி வரும் குழாயைக் கவ்வி போட்டு அடைக்காதீர்! அடைத்தால் காற்று உள்ளே தேங்கி இதயத்தையே அழுத்தும். வழியிலேயே உயிர் போகும். குப்பி நெஞ்சுக்குக் கீழே நிமிர்ந்தே இருக்கட்டும். இதற்குக் கோடி வேண்டாம். பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் போதும்.

டியூபுக்கு ஒட்டு உண்டு, தொழிலாளிக்கு இல்லையா? நாடு விடை சொல்லட்டும்!