பாட்டில் ஃபுல்லா இருக்கா பாஸ்?

உங்க பேக்கைக் கொஞ்சம் திறங்க. காலையில நிரப்பின வாட்டர் பாட்டில் சாயங்காலம் நாலு மணிக்கும் அப்படியே இருக்கா? அப்போ நீங்க நம்ம கட்சி!

எங்க கிளாஸ் பொண்ணுங்களுக்கு இது மறதி இல்லை, பக்கா பிளானிங். லேப் மூணாவது மாடி. லேடீஸ் டாய்லெட் கிரவுண்ட் ஃப்ளோர். அங்கே மூணு கதவு, ஒண்ணுக்குத்தான் தாழ்ப்பாள். மத்தியானத்துக்கு மேல குழாயில காத்துதான் வரும். பத்து நிமிஷ பிரேக்ல க்யூவில நின்னு திரும்ப முடியுமா? அதனால நாங்க கண்டுபிடிச்ச வழி, தண்ணியே குடிக்காம இருக்கிறது. குடிச்சாத்தானே போகணும்!

ரெண்டு வருஷம் இப்படியே ஓடிச்சு. போன செமஸ்டர் பிராக்டிகல் நேரத்துல நீர்க்கடுப்பு. 'சூடு'ன்னு ஒரு இளநீரோட விட்டுட்டேன். நாலாம் நாள் குளிர் ஜுரம், விலாவுக்குக் கீழே முதுகுல ஒரு பக்கமா வலி. ரூம்மேட் டப்பாவிலேர்ந்து பெயின் கில்லர் ஒண்ணை எடுத்து வெறும் வயித்துல போட்டுக்கிட்டு வைவாவுக்குப் போனேன். அன்னிக்கு ராத்திரியே ஆஸ்பத்திரியில அட்மிட். இன்ஃபெக்‌ஷன் கிட்னி வரைக்கும் ஏறிடுச்சாம்.

ரெண்டு கிட்னியும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டுறது சுமார் 180 லிட்டர். அதுல யூரினா வெளியே வர்றது ஒண்ணரை, ரெண்டு லிட்டர்தான். அந்த ஓட்டம்தான் கிருமிகளை அடிச்சிட்டுப் போகும். தண்ணியும் குடிக்காம, வந்ததையும் அடக்கினா, ஈ-கோலை மாதிரி பாக்டீரியா பையிலேயே பெருகி மேலே ஏறும். பெண்களுக்கு யூரின் வெளியேறும் குழாய் குட்டிங்கறதால ரிஸ்க் ஜாஸ்தி. பசங்களா, சிரிக்காதீங்க... தண்ணி குறைஞ்சா வர்ற கிட்னி கல் உங்க பக்கம்தான் அதிகம்!

டாக்டர் மேடம் செமையா திட்டினது அந்த மாத்திரைக்குத்தான். உடம்புல தண்ணி வத்தும்போது, கிட்னி தனக்கு வர்ற ரத்தக்குழாயை விரிச்சு வெச்சு சமாளிக்கும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் அதைத்தான் தடுக்குது. (நம்ம நாட்டுல பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமா செத்ததுக்கு முக்கியக் காரணமே டைக்ளோஃபெனாக்தான். அந்த ஊசி போட்ட மாடு செத்ததும், அதைத் தின்ன கழுகுகளோட கிட்னி காலி. 2006-ல மாட்டு வைத்தியத்துக்கு அந்த மருந்தைத் தடை பண்ணாங்க.) நாம கழுகு இல்லைதான். ஆனா, வெயில்ல மேட்ச் ஆடிட்டு, முட்டி வலிக்குதுன்னு தண்ணிகூடக் குடிக்காம மாத்திரை முழுங்குற ஆளுங்க எல்லா ஹாஸ்டல்லயும் இருக்காங்களே!

இப்போ எனக்கு ஒரே டெஸ்ட்தான். யூரின் வெளிர் மஞ்சளா இருந்தா ஓகே, அடர் மஞ்சளுக்கு மாறினா பாட்டிலைத் தேடுவேன். எரிச்சலோட ஜுரமும் முதுகு வலியும் வந்தா அன்னிக்கே டாக்டர்தான், இளநீர் கிடையாது.

அப்புறம், பதினெட்டு கையெழுத்து போட்டு எங்க ஹெச்.ஓ.டி.கிட்ட ஒரு லெட்டர் கொடுத்தோம். ரெண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தாச்சு. குழாயில தண்ணிக்காக வர்ற திங்கட்கிழமை மறுபடி போறோம்.